தாராசுரத்துப் பழைய வீட்டில் குடியேறும்போது

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் வந்தால் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில், பட்டுத் தறி ஓடும் தெருக்கள், விடியலுக்கு முன்பே லாரி வந்து நிற்கும் காய்கறி மார்க்கெட், மெயின் லைனில் சின்னதாக ஒரு ரயில் நிலையம். கும்பகோணத்தில் வேலையோ படிப்போ இருக்கிறவர்கள், ஓய்வு பெற்றுச் சொந்த மண்ணுக்குத் திரும்புகிறவர்கள், இங்கே ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கோ கிரயத்துக்கோ தேடி வருகிறார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று நீளமாகப் போகும் வீடு. பார்த்ததும் பிடித்துவிடும். வாழ்வதற்கு மட்டும் கொஞ்சம் விவரம் வேண்டும்.

அந்த விவரம் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது. டெல்டாவில் வீட்டுக்குத் தண்ணீர் மூன்று பக்கமாக வரும்: கூரையிலிருந்து இறங்கும், தரையிலிருந்து ஏறும், தெருவிலிருந்து நுழையும். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் மூன்றுக்கும் வழி வைத்தே கட்டினார்கள். இன்று இவற்றில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், பின்னால் வந்தவர்கள் அந்த வழிகளை அடைத்ததால் வந்தவை.

முதலில் தெரு. கோயிலுக்குள் போனால் இது எளிதில் புரியும். சுற்றியிருக்கும் தரையைவிடக் கோயில் முற்றம் தாழ்வாக இருக்கிறது. நல்ல மழைக்கு நந்தி மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டி நிற்கும். தெரு வீடுகளுக்கும் இதே கதிதான், சிறிய அளவில். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டுப்போட்டுத் தெரு ஏறிவிட்டது. மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது கொத்தனார் ஒருவரைத் தண்ணீர் டியூபோடு அழைத்துப் போய் நான்கு இடங்களின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தெரு நடு, தெருச் சாக்கடையின் அடி, நிலைவாசல், முற்றத்தின் அடி. முற்றத்து அடி சாக்கடை அடியைவிடக் குறைந்தது அரை அடியாவது மேலே இருந்தால் நிம்மதி. இரண்டும் சமமாக இருந்தாலோ, முற்றம் கீழே இருந்தாலோ, ஐப்பசியில் சாக்கடை நிரம்பியதும் தண்ணீர் சலதாரை, அதாவது முற்றத்து நீரைத் தெருவுக்கு வெளியேற்றும் வாய்க்கால், வழியாகத் திரும்பி வந்து முற்றத்தில் ஏறும். சாக்கடைத் தண்ணீர் என்பதால் வெறும் ஈரத்தோடு போகாது.

அப்படி ஒரு வீடுதான் கிடைத்தது என்றால், செய்ய வேண்டியவை இரண்டு. சலதாரைக் குழாய் தெருவைத் தொடும் இடத்தில் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வருவதைத் தடுக்கும் 4 அங்குல நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வையுங்கள். வேப்பிலையும் கோலமாவும் சேர்ந்து அதன் மூடியைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை திறந்து கழுவாவிட்டால் வால்வு இருந்தும் இல்லாததுபோலத்தான். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் முற்றத்தில் விழும் மழைக்கும் ஒரு வழி வேண்டுமே? அதற்குக் கொல்லைப் பக்கம் 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழத்தில் ஒரு தொட்டி. ஏறக்குறைய 1,000 லிட்டர் கொள்ளும். அதில் அரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். கணக்கைப் பாருங்கள்: முற்றமும் முற்றத்தை நோக்கிச் சரியும் கூரைகளும் சேர்ந்து 600 சதுர அடி என்றால், 10 செ.மீ. மழைக்கு 5,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே விழும். தொட்டி மட்டும் போதாது, மோட்டார் ஓடியாக வேண்டும். பலத்த மழையில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் மோட்டாரை இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள். அதன் தொடக்க இழுப்பை இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மழைநீர் சேமிப்புக் குழி இருக்கிறதே, அதில் விட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். கோடை மழைக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நிலத்தடி நீர் வெகு மேலே வந்துவிடும், குழி தானாகவே நிறைந்து நிற்கும். குழிக்கு வழிந்தோட ஒரு வெளிப்போக்கு இருந்தால்தான் அந்த மாதங்களில் தொல்லை இல்லை.

சலதாரையைப் பற்றி இன்னொன்று. அது ரேழிக்கு அடியில் தெரு வரை போகும் பழைய செங்கல் வாய்க்கால். எலி, தேரை, பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் ராஜபாட்டை. இரு முனையிலும் துருப்பிடிக்காத கம்பி வலை, அரை அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம். வலையைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள்; சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும்.

கூரை

நாட்டு ஓட்டுக் கூரை பழுதாவதும் பழுது பார்ப்பதும் இயல்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, குப்பையைக் கூட்டி, மறுபடி அடுக்க வேண்டும். இதை வைகாசி முதல் ஆடிக்குள் முடிப்பது நல்லது. புரட்டாசியில் ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். குரங்கு நடமாட்டம் உள்ள தெருவில் ஆண்டுதோறும் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

ஓடு பிரித்திருக்கும் நாள்தான் மரத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டைத் தாங்கும் சரிவு மரங்களான கைமரங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது சுவருக்குள் புகும் முனை. அங்கேதான் ஈரமும் கரையானும் சந்திக்கும். ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிற முனையை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் நல்ல மரத்தைப் பக்கவாட்டில் சேர்த்து போல்ட் போடலாம். முழுக் கைமரத்தையும் மாற்றச் சொல்லும் ஆசாரியிடம் காரணம் கேளுங்கள். பழைய தேக்கும் முற்றிய பனையும் இன்று கடையில் வாங்கும் இளமரத்தைவிடக் கெட்டி. மூங்கில் வரிச்சு வேறு. அதில் உளு என்னும் மரப்பூச்சி துளைத்துப் பொடி உதிர்ந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலையில் தகரக் கால்வாய் ஓடும். கூடத்தில் ஒழுகுகிறது என்று புகார் வரும் வீடுகளில் ஓட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கால்வாயைப் பாருங்கள். பக்கத்து வேப்பமரத்துச் சருகு அடைத்து, தண்ணீர் தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே சொட்டும். ஓர் அடியாவது அகலமுள்ள தகரமாகப் போட்டு, இரு பக்க ஓட்டுக்கும் கீழே ஐந்தாறு அங்குலம் நுழைந்திருக்கும்படி மடக்கச் சொல்லுங்கள்.

நாட்டு ஓடு இப்போது சூளையில் எளிதாகக் கிடைப்பதில்லை. பழைய வீடு இடிக்கும் இடங்களில் வாங்குவதுதான் வழி. சூளைக்குச் சூளை வளைவும் நீளமும் மாறும், ஆகவே உங்கள் ஓட்டில் இரண்டை மாதிரிக்குக் கையில் எடுத்துப் போங்கள். ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தால் மட்டும் வாங்குங்கள். 200, 300 ஓடு கொல்லையில் நிழலில் அடுக்கி வைத்திருப்பது பெரிய பலம்.

முற்றத்தை மூடும் ஆசை எல்லோருக்கும் வரும். மழை, கொசு, திருட்டு, குரங்கு என்று காரணங்களும் நியாயமானவை. ஆனால் ஓட்டின் மேலேயே பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினாற்போல் போட்டு அடைத்தால், சூடான காற்று மேலே போக வழியற்று வீடு பகலெல்லாம் புழுங்கும். அடுக்களை நீராவி உத்திரத்தில் படிந்து பூஞ்சை பிடிக்கும். இரும்புக் கம்பிச் சட்டமும் அதன் மேல் கொசுவலையும் போதும். தகடு வேண்டும் என்றே இருந்தால், ஓட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, நான்கு பக்கமும் வலை மட்டும் வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள்.

சுவரில் ஏறும் ஓதம்

புதிதாக வந்தவர்கள் அதிகப் பணம் வீணாக்குவது இங்கேதான். அடிச்சுவரில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்கிறது. உடனே கொத்தனார் அதைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுகிறார். ஆறேழு மாதம் சுவர் அழகாக இருக்கும். பிறகு உதிர்வு சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே, நாலடி ஐந்தடியில் தொடங்கும். அதற்கும் சிமென்ட். அதற்கும் மேலே உதிர்வு.

காரணம் இது. பழைய அஸ்திவாரத்தில் ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை, தடுக்கும் தளம் கிடையாது. செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறுவதும் காய்வதும் ஒரு சமநிலையில் நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் பூச்சு அந்த வாயை அடைக்கிறது. வெளியேற முடியாத ஈரம் உயரே போய்த் திறந்த இடம் தேடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு காய்ந்து படிகமாகி, இடம் போதாமல் செங்கலின் முகத்தையே பெயர்த்துத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும், தரையெங்கும் ஒட்டிய பளபளப்பான டைல்ஸும் இதே வேலையைச் செய்யும். முற்றத்துச் செங்கல் தளத்தை மூடி டைல்ஸ் போட்ட பிறகு சுவர் கெட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு.

சரிசெய்யும் முறை மெதுவானது. சிமென்ட் பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு ஒன்றரை அடி மேல் வரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் பொடியாகிவிட்ட காரையை முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்கள். வெள்ளை உப்பை உலர்ந்த நார்த் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த தை, மாசியில் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் மூடி நிற்கும்படி தொட்டியில் ஊறவிடுங்கள், அதிக நாள் ஊறினால் இன்னும் நல்லது. 1 பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் 3 பங்கு சலித்த மணல். கொட்டை நீக்கி இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலந்து குழைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். முதல் பூச்சு அரை அங்குலம்; நான்கைந்து நாள் கழித்து இரண்டாவது, கால் அங்குலம். பத்து நாளாவது காலையும் மாலையும் தெளித்து ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை இழுத்துத்தான் இறுகும். அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும், மழைக்காலத்தில் செய்தால் இறுகவே இறுகாது. இறுகிய பின் கிளிஞ்சல் சுண்ணாம்பில் மூன்று மெல்லிய கோட் வெள்ளை. ஒரே தடிப்பாக அடித்தால் ஏடு ஏடாக உரியும்.

சுவர் விரிசல்களில் ஒரு பகுதி களிமண்ணின் வேலை. கோடையில் மண் சுருங்க விரிசல் திறக்கும், மழையில் மூடும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஓராண்டு ஆகியும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் சுண்ணாம்பு அடைத்துவிட்டு இருக்கலாம். தாண்டிப் போனால், குறிப்பாகக் கொல்லைப் பக்கக் குளியலறை அருகே என்றால், உடைந்த குழாய் எங்கோ அஸ்திவாரத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது.

கரையானுக்கு மருந்து அடிக்கிறவர்கள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு ஊற்றுவார்கள். கிணறு இருக்கும் தாழ்வாரப் பக்கம் அதைச் செய்ய விடாதீர்கள். அங்கே மண் குழாய்களை உடைத்துத் துடைப்பதும் மரத்தில் மட்டும் மருந்து பூசுவதும்தான் சரி.

கிணறு

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணற்றைப் பார்த்துவிட்டு ஊற்று நன்றாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். கிணற்றைச் சித்திரையில் பாருங்கள், கழிவுத்தொட்டியை ஐப்பசியில் பாருங்கள். ஐப்பசியில் கழிப்பறைத் தண்ணீர் இறங்கத் தயங்கினால் தொட்டிக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் ஏறுகிறது என்று அர்த்தம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். 18 அடி அகல மனையில், இரண்டு பக்கத்து வீட்டுத் தொட்டிகளும் சேர்ந்தால், அந்த இடைவெளி கிடைப்பது அரிது. அப்படியானால் கிணற்று நீர் புழங்க மட்டும். குடிக்க, சமைக்க வேறு தண்ணீர்.

தூர் வாரச் சித்திரை, வைகாசி. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் மூச்சுக்காற்று இல்லாமல் போயிருக்கும், அதில் இறங்கி உயிர்போனவர்கள் உண்டு. முந்தின நாளே மூடியைத் திறந்து, மின்விசிறியை வைத்து உள்ளே காற்று செலுத்துங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆளும் கட்டாயம். விளக்கு அணையவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் இறக்காதீர்கள்.

மருந்து போடும் அளவு: 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். நாலடி விட்டக் கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் சுமார் 3,500 லிட்டர். 9 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி போதும். வெள்ளம் புகுந்த பிறகு இரட்டிப்பாக. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது வசதி.

பத்திரமும் அனுமதியும்

2021இல் கும்பகோணம் மாநகராட்சி ஆனபோது, அதுவரை பேரூராட்சியாக இருந்த தாராசுரமும் அதில் சேர்ந்தது. வீட்டுவரி ரசீது, குடிநீர் இணைப்பு எல்லாம் பேரூராட்சி காலத்தில் ஒரு விதமாகவும் இப்போது வேறு விதமாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் வாங்கிப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடுகள் இங்கே அதிகம். கிணற்றில் பாதிப் பாத்தியதை, கொல்லைக்குப் போகும் நடைவழி, பொதுச்சுவர், இறவாரத் தண்ணீர் விழும் இடம் ஆகியவை பாகப் பத்திரத்தில் எழுதப்பட்டு, பின்னால் வந்த கிரயப் பத்திரத்தில் விட்டுப்போயிருக்கும். மூலப்பத்திரம் வரை போய்ப் படியுங்கள். திண்ணை பட்டா அளவுக்குள் வருகிறதா, தெருப் புறம்போக்கில் நிற்கிறதா என்பதையும் சர்வேயர் அளந்து சொல்லட்டும்.

ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆனது. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அளவு கோபுரத்திலிருந்து தொடங்குவதில்லை, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கோட்டிலிருந்து தொடங்கும். 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவோ, மாடி எழுப்பவோ, பக்கத்தில் ஓர் அறை நீட்டவோ முடியாது. 16 ஜூன் 1992க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் முன் அனுமதி பெறலாம். அந்தத் தேதிக்கு முந்தைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய பத்திரம் எதுவானாலும் பாதுகாத்து வையுங்கள். அதற்கு அப்பாலுள்ள ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. மாநகராட்சி வரைபட அனுமதி கிடைத்துவிட்டால் போதும் என்று தரகர் சொல்வதை நம்ப வேண்டாம், இது தனி. மீறினால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எண்ணூறு ஆண்டாக நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஆழ்துளையும் அடுக்குமாடியும் வரக்கூடாது என்பது எங்களுக்கும் சரியாகத்தான் படுகிறது.

வாடகைக்கு வருகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டியது: ஓடு மாற்றும் செலவு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, கிணறு தூர் வாருவது யார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. மரக்கட்டை மேல் ஒயர் ஓடும் பழைய கட்டை வயரிங் இன்னும் இருக்கும் வீட்டில் எர்த் இருக்காது. கொல்லையில் எட்டடிக் குழாய் இறக்கி எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டிய பிறகே கீசரும் வாஷிங் மெஷினும். ஓதம் ஏறிய சுவர் ஷாக் அடிக்கும்.

தெருவில் வாழ்வது

பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தெருக்கள் இவை. தறிச் சத்தம் காலையிலேயே தொடங்கும். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் தறி இருந்தால் தூங்கும் அறையை இந்தப் பக்கம் வைக்காதீர்கள். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகள், இழுத்துப் பிடித்திருந்தால் வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது சுற்றிப் போங்கள். ஓர் இழை அறுந்தாலும் அதைத் தேடி முடிபோட அவர்களுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வாசல் தெளிப்பதும் வேண்டாம், பட்டில் சொட்டு விழுந்தால் கறை. திண்ணைக்குக் கம்பிக்கூண்டு போடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பாவு வேலைக்கு நடுவே அவர்கள் உட்காருவதும், மழை வந்தால் பாவை உள்ளே ஒதுக்குவதும் அங்கேதான். திறந்த திண்ணையுள்ள வீட்டுக்கு, ஓடு மாற்றும் ஆள், மோட்டார் மெக்கானிக், தூர் வாருகிறவர் எல்லோரும் ஒரே குரலில் வந்து சேருவார்கள்.

அடுத்த மகாமகம் 2028இல். அந்த மாசி மாதத்துக்கு முன்னும் பின்னும் தஞ்சாவூர் சாலையில் போக்குவரத்து திருப்பிவிடப்படும், கொத்தனார், ஆசாரி, வண்டி, மணல் எதுவும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஓட்டு வேலையையும் சுவர் வேலையையும் 2027 ஆடிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.